ஏழாண்டுப் பயிரும் ஒருநாள் விலையும்

நம் சங்கத்து ஆண்டுமலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழு அன்பர்கள் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது என்று பல நாள் எண்ணினேன். யான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். புகைவண்டி அலுவலகத்தில் சரக்குக் கணக்கு எழுதுவதே என் தொழில். ஆயினும் எப்பொருள் எவ்வூரினின்று எவ்வூருக்குச் செல்கிறது, எந்த ஆண்டில் பெருகுகிறது, எந்த ஆண்டில் சுருங்குகிறது என்பதை இருபதாண்டுகளாக நாளும் கண்டு வருகிறேன். சரக்குச் சீட்டில் எடை இருக்கும், கூலி இருக்கும், சேருமிடம் இருக்கும். அப்பொருளை விளைவித்தவன் வாழ்ந்தானா, தாழ்ந்தானா என்பது மட்டும் இராது. அதை அறிய வேண்டுமாயின் வரலாற்றைத்தான் நாட வேண்டும்.

விலை உயர்ந்தால் மக்கள் முதலிடுவர், தாழ்ந்தால் ஒதுங்குவர். இது சாலைக் கடைத்தெருவில் கூடை சுமக்கும் சிறுவனும் அறிந்த செய்தி. இன்று வாங்கி நாளை விற்கும் கடைக்காரர்க்கு இவ்விதி நன்கு பொருந்தும். இன்று நட்டு ஏழாண்டு காத்திருந்து, அதன்பின் இருபதாண்டுக்கு மேல் பயன் கொள்ள வேண்டிய ஒரு மரத்துக்கு இது பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். யான் எடுத்துக்கொண்ட மரம், முன்னாள் திருவிதாங்கூர் நாட்டின் மலையோரம் முழுவதையும் தன் நிழலால் மூடிய ரப்பர் மரம்.

மிளகு தந்த பாடம்

ரப்பருக்கு முன் இந்நாட்டின் செல்வம் மிளகு. யவனர் மரக்கலங்கள் முசிறித் துறைக்கு வந்து பொன்னைக் கொடுத்து மிளகைக் கொண்டு சென்றதைச் சங்கப் புலவர் பாடியுள்ளனர். பின்னாளில் போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் அடுத்தடுத்து வந்து மோதிக்கொண்டதும் அம்மிளகின் பொருட்டே. 1741-இல் குளச்சலில் டச்சுப் படையை வென்ற மார்த்தாண்டவர்ம மகாராஜா, மிளகு வாணிகத்தை அரசின் தனியுரிமை ஆக்கினார். விளைவித்தவர் அரசு குறித்த விலைக்கு அரசின் பண்டகசாலைக்கே மிளகை அளக்க வேண்டும். அயல்நாட்டு வணிகர்க்கு அரசே விற்கும். இரு விலைக்கும் இடையே நின்ற ஆதாயம் அரசின் கருவூலத்தை நிரப்பிற்று.

நூறாண்டுக்கு மேல் நின்ற இத்தனியுரிமை 1860-இல் நீக்கப்பட்டது. நீக்கியவர், கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய டி. மாதவராவ். அவர் காலத்தில் நிகழ்ந்த மற்றொரு செயல் இதனினும் பெரிது. 1865-இல் வெளியான பாட்ட விளம்பரம், அரசு நிலத்தைப் பயிரிட்டு வந்த குடிகளுக்கு அந்நிலத்தின்மேல் முழு உரிமையை வழங்கிற்று. நிலத்தை விற்கலாம், ஒற்றி வைக்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம் என்ற நிலை பிறந்தது.

ரப்பருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என அன்பர்கள் கேட்கலாம். நெல்லை நடுபவனுக்கு ஒரு பருவ உரிமை போதும். மரத்தை நடுபவனுக்கோ, தான் நட்டது தன் மகன் கையில் சேரும் என்ற உறுதி வேண்டும். விலை எவ்வளவுதான் உயரட்டும். நிலம் நிலையாகத் தனதென்று தெரியாதவன் நீண்ட காலப் பயிரில் பணத்தைப் புதைக்கத் துணியான். எனவே, விலை முதலீட்டை அழைக்கும்; உரிமையே அதனை வீட்டுக்குள் இருத்தும். திருவிதாங்கூரின் சிறு குடியானவன் பிற்காலத்தில் ரப்பர்த் தோட்டக்காரன் ஆனதற்கு அடிப்படை, மரம் வருமுன்னரே இடப்பட்டுவிட்டது.

விதை வந்த வழி

ரப்பர் நம் நாட்டு மரம் அன்று. தென் அமெரிக்காவின் அமேசான் காடுகளே அதன் தாயகம். 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டினின்று ஏறத்தாழ 70,000 விதைகளை லண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை சற்றொப்ப 2,700 மட்டுமே. அந்நாற்றுகளில் பெரும்பகுதி இலங்கைக்கு அனுப்பப்பட்டது. இன்று ஆசியாவில் நிற்கும் ரப்பர்த் தோட்டங்களுள் மிகப் பலவற்றின் கொடிவழி அச்சிறு நாற்றங்காலில் தொடங்குகிறது.

நாற்று வந்தவுடன் எவரும் அதனை விரும்பி நடவில்லை. 1869-இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அடியோடு அழித்தபோது, தோட்டத் துரைமார் பெரும்பாலும் தேயிலையைத்தான் நாடினர். ரப்பரின் காலம் பிறந்தது சக்கரத்தினால். 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றார். முதலில் சைக்கிளும் பின்னர் மோட்டார் வண்டியும் உலகெங்கும் ஓடத் தொடங்கின. காட்டு மரங்களில் வடித்த பால் போதவில்லை. விலை ஏறிற்று, ஏறிய விலை, காட்டு மரத்தைத் தோட்ட மரம் ஆக்கிற்று.

நம் பகுதியில் 1902-இல் பெரியாற்றங்கரையில் உள்ள தட்டேக்காட்டில் ஐரோப்பியத் தோட்டக்காரர் வாணிக நோக்கில் ரப்பரை நட்டனர். அயர்லாந்து நாட்டினரான ஜே. ஜே. மர்பி என்பவர் இம்முயற்சியின் முன்னோடி. 1904-இல் கொல்லத்தையும் செங்கோட்டையையும் இணைத்து மலையைக் குடைந்து மீட்டர் கேஜ் பாதை திறக்கப்பட்டது. புனலூர், தென்மலை வழியாகச் சென்ற அப்பாதை, மலைவிளைபொருளுக்குக் கிழக்கே தமிழ்நாட்டையும் மேற்கே கொல்லம் துறைமுகத்தையும் ஒருங்கே திறந்துவிட்டது. எங்கள் துறையைப் பற்றிய பெருமையால் இதைக் கூறுகிறேன் என எண்ணற்க. சந்தைக்குச் செல்லும் வழி இல்லாத இடத்தில் விலை உயர்ந்தென்ன, தாழ்ந்தென்ன?

ஏறியதும் இறங்கியதும்

இனி விலையின் கதைக்கு வருவோம். 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. அவ்வாண்டில் லண்டனில் ரப்பர்க் கம்பெனிப் பங்குகளை வாங்குவோர் கூட்டம் அலைமோதிற்று. மலேயா, இலங்கை, சுமத்திரா, திருவிதாங்கூர் எனப் பல இடங்களிலும் காடு வெட்டிக் கன்று நட்டனர். நட்டவர் அனைவரும் கண்டது அன்றைய விலையை. அவர்கள் காணத் தவறியது, தம்மைப் போலவே மற்றவரும் அவ்விலையைக் கண்டு அதே நாளில் நட்டுக்கொண்டிருந்ததை.

விளைவு என்ன? நட்ட மரங்கள் அனைத்தும் சில ஆண்டுகள் இடைவெளியில் பால் சுரந்தன. முதல் உலகப்போருக்குப் பிந்திய வாணிக மந்தமும் சேர்ந்துகொண்டது. 1921-இல் ராத்தல் ஒரு ஷில்லிங்குக்கும் கீழே வந்துவிட்டது. பிரிட்டிஷ் அரசு 1922-இல் ஸ்டீவன்சன் திட்டம் என்ற கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, மலேயாவும் இலங்கையும் ஏற்றுமதி செய்யும் அளவைக் குறைத்தது. 1925-இல் விலை 4 ஷில்லிங்கைத் தாண்டிற்று. தோட்டக்காரர் மகிழ்ந்தனர்.

அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. கட்டுப்பாட்டில் சேராத டச்சு இந்தியத் தீவுகளின் குடியானவர்கள், பிறர் உயர்த்திய விலையின் நிழலில் தாம் நட்டுப் பெருக்கினர். விலையேற்றத்தால் வெகுண்ட அமெரிக்கத் தொழிலதிபர் தாமே தோட்டம் போடப் புறப்பட்டனர். பயர்ஸ்டோன் 1926-இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் பத்து இலட்சம் ஏக்கர் வரை நிலம் கொள்ளும் உரிமையை 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்றது. ஹென்றி போர்டு பிரேசிலின் காட்டுக்குள் ஒரு நகரத்தையே கட்டினார். மரத்தின் தாயகத்திலேயே இலைநோய் தாக்கி அம்முயற்சி பாழாயிற்று. 1945-இல் அந்நிலம் பிரேசில் அரசுக்கே திரும்பிற்று. ஓர் ஊரில் செயற்கையாய் உயர்த்திய விலை, மற்றோர் ஊரில் போட்டியாளனைப் படைத்துவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

1928-இல் ஸ்டீவன்சன் திட்டம் கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார வீழ்ச்சி தொடங்கிற்று. 1932-இல் லண்டனில் ஒரு ராத்தல் ரப்பர் இரண்டு பென்சுக்கும் கீழே விற்றது. 12 ஷில்லிங் என்றால் 144 பென்ஸ். 144 எங்கே, 2 எங்கே! இருபத்திரண்டு ஆண்டுகளில் இத்துணை வீழ்ச்சி. ஷீட் அடித்துப் புகைகாட்டிச் சந்தைக்கு அனுப்பும் செலவுக்கும் அது போதாது. பால் வெட்டுவோர்க்கு வேலை இல்லாது போயிற்று.

இதில் ஒரு முரணைக் கவனியுங்கள். கொல்லத்திலிருந்து சாக்கை வரை 1918-இல் வந்திருந்த இருப்புப்பாதை, 1931 நவம்பர் 4-ஆம் நாள் தம்பானூருக்கு வந்து சேர்ந்தது. இன்று நாம் காணும் கருங்கல் கட்டடம் அன்று திறக்கப்பட்டதே. தலைநகரின் நடுவிடத்துக்குப் புகைவண்டி வந்த காலம், நாட்டின் விளைபொருள்களின் விலை அனைத்தும் தரையைத் தொட்ட காலமாக இருந்தது. பாதை தயார், பெட்டி தயார், ஏற்றுவதற்குரிய பொருளுக்கு மட்டும் விலை இல்லை.

1934-இல் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்சு, சயாம் ஆகிய நாடுகளுடன் இந்தியாவும் சேர்ந்து பன்னாட்டு ரப்பர் ஒழுங்காற்று உடன்படிக்கை செய்யப்பட்டது. ஏற்றுமதிக்கு அளவு குறித்ததோடு, புதிதாக நடுவதற்கும் தடை விதித்தனர். முன்னைய திட்டத்தின் ஓட்டை இதனால் பெரும்பாலும் அடைபட்டது. அதே பத்தாண்டுக் காலத்தில் திருவிதாங்கூர் அரசு திருவனந்தபுரம் சாக்கையில் ரப்பர் ஆலை ஒன்றை நிறுவிற்று. மூலப்பொருளை விற்பவனுக்கு இழப்பாக இருக்கும் தாழ்ந்த விலை, அதனை வாங்கிப் பண்டம் செய்பவனுக்கு வாய்ப்பாக அமையும் என்பதை அறிந்து எடுத்த அடி அது. பின்னாளில் அவ்வாலை நலிந்தது வேறு கதை.

போரும் சட்டமும்

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மலேயாவும் டச்சுத் தீவுகளும் கைவிட்டுப் போனபின், நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் தரும் நிலங்களாக எஞ்சியவற்றுள் முதன்மையானவை இலங்கையும் திருவிதாங்கூரை உள்ளிட்ட தென்னிந்தியாவுமே. நேற்றுவரை நடுவதைத் தடுத்த அரசு, இப்போது நடுமாறு வேண்டிற்று. விளைந்த ரப்பர் முழுவதையும் குறித்த விலைக்கு வாங்கிற்று. அதே ஆண்டில் பர்மா அரிசியும் நின்றது. வயலைவிட மலையையே நம்பிய திருவிதாங்கூர், நெல்லுக்கு நாஞ்சில் நாட்டையும் பசிக்கு மரச்சீனிக் கிழங்கையும் நம்பி நின்றது. விலை தரும் பயிர் வயிற்றை நிரப்பாது என்பதை அக்காலத்து முதியோர் பட்டறிந்தனர்.

போர் முடிந்தபின் பழையபடி விலை சரிந்துவிடுமோ என்ற அச்சம் தோட்டக்காரரைப் பற்றிற்று. 1947 ஏப்ரலில் ரப்பர்ச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்டு ரப்பர் வாரியம் இயங்கலாயிற்று. அதன்பின் நெடுங்காலம் இந்திய ரப்பரின் விலையை அரசே வரையறுத்தது. கொரியப் போரின்போது வெளிநாட்டில் விலை வானளாவ உயர்ந்தும் நம்மவர்க்கு அது கிட்டவில்லை. பின்னர் அங்கு விலை விழுந்தபோது நம்மவர் அடிபடவுமில்லை. கட்டுப்பாடு என்பது குடையைப் போன்றது. மழையையும் தடுக்கும், இளவெயிலையும் தடுக்கும்.

அக்குடையின் கீழ்ச் சிறு குடியானவன் துணிந்து நட்டான். 1957 முதல் பழைய மரங்களை நீக்கி மறுநடவு செய்வோர்க்கு வாரியம் உதவித்தொகை அளித்தது. 1963-ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம் தோட்டப் பயிர்களுக்கு நில உச்சவரம்பினின்று விலக்கு அளித்தது. ரப்பர் அவற்றுள் ஒன்று. 1980-இல் ஆராய்ச்சி நிலையம் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்ற உயர்விளைச்சல் இனத்தை வெளியிட்டது. 1950-51-இல் இந்தியாவின் விளைச்சல் ஏறத்தாழ 16,000 டன். 2012-13-இல் அது 9 இலட்சம் டன்னைத் தாண்டிற்று. துரைமார் தோட்டமாகத் தொடங்கிய பயிரின் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று சிறு நிலத்தாரிடம் உள்ளது. விலை மட்டுமே இதைச் செய்ததன்று. உரிமை, உறுதி, அறிவியல் ஆகிய மூன்றும் விலையோடு கைகோத்து நின்றமையால் விளைந்தது இது.

உலகச் சந்தையின் பிடியில்

1991-க்குப் பின் குடை மெல்ல மெல்ல மடக்கப்பட்டது. 1995-இல் கிலோ 50 ரூபாயைத் தாண்டிய விலை, 2001-இல் 30 ரூபாயை ஒட்டி இறங்கிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகளும் நீங்கின. பின்னர் சீன நாட்டின் மோட்டார்த் தொழில் பெருகவே மீண்டும் ஏற்றம். 2011 ஏப்ரலில் கிலோ ஏறத்தாழ 240 ரூபாய். 2016 தொடக்கத்தில் 100 ரூபாய்க்கும் கீழே.

இந்த இறக்கத்தில் புதுமை ஒன்று உண்டு. விளைச்சல் மிகுந்தால் விலை குறையும், விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்றே நாம் கேட்டிருக்கிறோம். 2012-13-இல் 9.13 இலட்சம் டன்னாக இருந்த இந்திய விளைச்சல், 2015-16-இல் 5.62 இலட்சம் டன்னாகச் சுருங்கிற்று. கூலிக்குக் கட்டாமையால் பலர் மரங்களை வெட்டாமலே விட்டனர். நாட்டின் தேவையோ 10 இலட்சம் டன்னை நெருங்கி நின்றது. ஆயினும் விலை ஏறவில்லை. தாய்லாந்தும் இந்தோனேசியாவும் வியட்நாமும் மலைபோல் குவித்தன. கச்சா எண்ணெய் மலிந்ததால் செயற்கை ரப்பரும் மலிந்தது. ஆலைகள் இறக்குமதி செய்துகொண்டன. திருவட்டாற்றில் மரம் வெட்டாது நின்ற செய்தி, பாங்காக்கில் விலை பேசுவோர் காதில் விழவே இல்லை.

அரசு வாளாவிருக்கவில்லை. 2015-இல் இறக்குமதி வரி உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு கேரள அரசு, கிலோவுக்கு 150 ரூபாய்க்குக் குறைந்தால் குறைவை ஈடுசெய்யும் திட்டத்தைத் தொடங்கிற்று. அத்தொகை 2021-இல் 170 ஆகவும், 2024-இல் 180 ஆகவும் உயர்ந்தது. இவை விழுபவனைத் தாங்கும் கைகள். எந்த ஆண்டில் நடலாம் என்று வழிகாட்டும் விளக்கு அவற்றினிடம் இல்லை.

மரம் இங்கே, ஆலை எங்கே?

சங்கக் கூட்டங்களில் அன்பர் பலர் கேட்பதுண்டு: "ரப்பர் இங்கே விளைகிறது, டயர் ஆலைகளில் பெரும்பாலானவை ஏன் வெளியே இருக்கின்றன?" சரக்குக் கணக்கு எழுதுபவன் என்ற முறையில் இதற்கு ஓரளவு விடை கூற இயலும். ஷீட்டை அடுக்கினால் சிறு இடத்தில் பேரெடை அடங்கும். நெடுந்தொலைவு சென்றாலும் எளிதில் கெடாது. டயரோ வளையம், நடுவே வெறும் வெளி. ஒரு பெட்டி நிறைய டயர் ஏற்றினாலும் எடை ஏறாது. இடம் மட்டும் நிறைந்துவிடும். எனவே ஷீட்டைத் தொலைவுக்கு அனுப்புவது மலிவு. டயரைத் தொலைவுக்கு அனுப்புவது செலவு. ஆலை, மரத்தைத் தேடி வருவதைவிட வண்டிகள் ஓடும் ஊரைத் தேடிச் செல்வதே இயல்பு. 1936-இல் டன்லப் ஆலை வங்காளத்துச் சாகஞ்சில் எழுந்ததையும் இவ்வாறே நோக்கலாம்.

முதலின் கதையும் இதனோடு உண்டு. திருவிதாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு, இரு பாங்குகள் 1937-இல் இணைந்து உருவானது. அரசியல் பகையும் வைப்பாளரின் அச்சமும் சூழ, 1938 ஜூனில் கதவடைத்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான கே. சி. மாம்மன் மாப்பிள்ளை சிறை சென்றார். அவர் மைந்தர் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அதுவே பின்னர் மெட்ராஸ் ரப்பர் பாக்டரியாக வளர்ந்தது. பணம் எங்கு அஞ்சுகிறதோ அங்கிருந்து அகலும். எங்கு அச்சம் நீங்குகிறதோ அங்கு வேர் விடும். பாங்கில் போட்ட பணம் நாளையும் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் சந்தை நிலையின் ஒரு பகுதியே என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

எம் வீட்டுக் கணக்கு

இதுவரை நாட்டின் கணக்கு. இனி எம் வீட்டுக் கணக்கு ஒன்றைச் சொல்ல அன்பர்கள் இசைய வேண்டும்.

எம் ஊர் குமரி மாவட்டத்தின் மலையோரம். 1956 நவம்பர் 1-ஆம் நாளுக்கு முன் அதுவும் திருவிதாங்கூரே. எல்லைக்கோடு மாறியதேயன்றி ரப்பர் மாறவில்லை. கோட்டயத்து விலைதான் குலசேகரத்துக்கும் விலை. என் சிற்றப்பா 2002-இல் தம் விளையில் ரப்பர் நட்டார். கிலோ 30 ரூபாய்க்கு விற்ற காலம் அது, ஊரார் நகைத்தனர். அவர் நட்டது வருங்காலத்தைக் கணித்து அன்று. பழைய மரங்கள் பால் வற்றிப்போயின, வேறு பயிர் செய்ய அவருக்கு உடல்வலிமை இல்லை, ஆகவே நட்டார். 2009-இல் அவருடைய மரங்கள் பால் தந்தன. 2011-இல் அவர் வீட்டுக்கு மாடி எழுந்தது.

அம்மாடியைக் கண்டு நட்டவர் என் தமையனார். தென்னையும் வாழையும் மரச்சீனியும் கலந்து நின்ற இரண்டு ஏக்கர் விளையைத் திருத்தி, 2011 மழைக்காலத்தில் 360 கன்று நட்டார். என் சேமிப்பிலிருந்து ஒன்றரை இலட்சம் ரூபாய் கொடுத்தேன். 240 ரூபாய் விலையைச் சரக்கு அலுவலகத்தில் அமர்ந்து நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தவன் யான். ஒருமுறையேனும் அவரைத் தடுத்தேனில்லை. "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்று மொழிந்தவனும் யானே. காற்று நெல் தூற்றுபவனுக்கு உதவும். நாற்று நடுபவனுக்கு என் செய்யும் என அன்று எண்ணவில்லை.

மரங்கள் வெட்டுப் பருவத்தை நெருங்கிய வேளையில், 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரியைத் தாக்கிற்று. ஓரிரவில் 140 மரம் முறிந்தது. எஞ்சியவை 2019-இல் பால் தரத் தொடங்கியபோது விலை 130 ரூபாயை எட்டவில்லை. வெட்டுபவர் கூலி போக மிஞ்சியது அண்ணியாரின் மருந்துச் செலவுக்கும் போதவில்லை. வெட்டுபவரையும் குறை கூற இயலாது. விடியுமுன் தலையில் விளக்குக் கட்டி மரம் மரமாக நடப்பவர்க்கும் பிள்ளைகள் உண்டு. 2023-இல் அண்ணன் மீதி மரங்களை விறகு விலைக்கு விற்றார். 2024 ஆகஸ்டில் ரப்பர் விலை 240 ரூபாயைக் கடந்து, 2011-ஐயும் விஞ்சிற்று. அன்று எம் விளையில் ஒரு ரப்பர் மரமும் இல்லை.

அம்மாதம் அண்ணன் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, விலை ஏறிவிட்டதாமே. இன்னொரு முறை நட்டுப் பார்ப்போமா? நீ என்ன சொல்லுகிறாய்?" உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. யோசித்துச் சொல்லுகிறேன் என்றேன். உண்மையைக் கூறின், அந்த யோசனையே இக்கட்டுரையாயிற்று.

முடிவுரை

நூற்றிருபது ஆண்டு வரலாற்றில் யான் கண்டது இதுவே. உயர்ந்த விலையைக் கண்டு நீண்ட காலப் பயிரில் இறங்குபவன், ஏழாண்டுக்கு முன் வந்துபோன விருந்தினனுக்கு இலை போடுகிறான். 1910-இல் லண்டன் பங்குக்காரர் செய்ததும், 1926-இல் அமெரிக்கத் தொழிலதிபர் செய்ததும், 2011-இல் என் தமையனாரும் யானும் செய்ததும் ஒரே பிழை. பெரியவர்க்கு அது கணக்கில் ஓர் இழப்பு. சிறியவர்க்கு அது ஒரு வாழ்நாளின் பாதி.

அதனால் நடவே கூடாது என்பதன்று. விலை தாழ்ந்த காலத்தில் நிலத்தையும் மரத்தையும் பேணி நின்றோர், ஏறிய காலத்தில் பயன் கண்டனர். ஆனால் அப்படிப் பேணி நிற்பதற்கு இடைக்காலத்தில் சோறு வேண்டும். என் தமையனார் வெட்டி நீக்கிய தென்னையும் வாழையும் மரச்சீனியும் அச்சோறு. அவை நின்றிருந்தால், 2024 வரை மரங்களை விற்காது பொறுத்திருக்கலாம். மழைக்கும் புயலுக்கும் உலகச் சந்தைக்கும் ஒருங்கே ஈடுகொடுப்பது கலப்புப் பயிர் ஒன்றே என்பது எம் முன்னோர் சொல்லாமலே செய்து காட்டிய முறை.

இரண்டாவது, தனியாய் ஷீட் கொண்டு செல்பவன் தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்டுவான். ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்களில் ஒன்றுகூடிப் பாலைச் சேர்த்து, தரம் பிரித்து விற்பவர் சில ரூபாயேனும் கூடப் பெறுவர். அச்சில ரூபாய், தாழ்ந்த காலத்தில் கத்தியைக் கீழே வைக்காதிருக்கப் போதும்.

நம் சங்க உறுப்பினருள் பலர்க்குக் குமரியிலும் நெல்லையிலும் தென்காசியிலும் சிறு விளைகள் உண்டு. சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊரில் ஏதேனும் நட்டு வைக்க வேண்டும் என்பது நம் எல்லோருடைய கனவு. நடுமுன் செய்தித்தாளின் விலைப் பகுதியை மட்டும் பாராது, அப்பயிரின் ஐம்பதாண்டு விலையையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன்.

அண்ணனுக்கு என் விடையை அனுப்பிவிட்டேன். இரண்டு ஏக்கரில் அரை ஏக்கர் மட்டும் ரப்பர். மீதியில் பழையபடி தென்னையும் வாழையும் மரச்சீனியும். இம்முறையும் பாதிச் செலவு என்னுடையது. விலையைப் பார்த்து நடவில்லை என்பதற்கு அடையாளமாக, கன்று வாங்கும் நாளில் விலை என்னவென்று அவரும் கேட்கப் போவதில்லை. யானும் சொல்லப் போவதில்லை.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!